மூக்குத்தி அவரை: உறங்கும் விதையை எழுப்பும் முறை

ஆடிப் பட்டத்துக்குப் பத்து விதை வாங்கி வந்து கொல்லையில் ஊன்றினால் இரண்டுதான் முளைக்கின்றன. மற்ற எட்டும் மண்ணிலேயே கிடக்கின்றன. பதினைந்து நாள் பார்த்துவிட்டு, 'விதை பழசு' என்று கொடுத்தவரைக் குறை சொல்லி, அதே குழியில் புடலையோ பாகலோ ஊன்றிவிடுகிறார்கள். மூக்குத்தி அவரை பயிரிட முயலும் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. அந்தக் குழியைக் கிளறி எட்டு விதைகளையும் எடுத்துப் பார்த்தால், ஊன்றிய அன்று இருந்தபடியே கல் போல இருக்கும். அவை செத்த விதைகள் அல்ல. தண்ணீர் உள்ளே புகாததால் உறங்கிக் கிடக்கும் விதைகள். எழுப்பும் முறை தெரிந்தால் பத்துக்கு எட்டு முளைக்கும்.

மூக்குத்தி அவரை என்பது கேரளத்தில் 'நித்திய வழுதனை' என்று அழைக்கப்படும் கொடிக் காய்கறி. தாவர நூலில் இதன் பெயர் ஐபோமியா மியூரிகேட்டா. உண்ணும் பகுதி சிறு மூக்குத்தியைப் போலவும், சற்றுப் பெரிய கிராம்பைப் போலவும் இருப்பதால் இந்தப் பெயர் வந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் இதை அறிந்தவர்கள் குறைவு. மரபு விதைத் திருவிழாக்களில் நெல் விதையோடு காய்கறி விதைகளும் கைமாறத் தொடங்கிய பிறகு, டெல்டாவின் கொல்லைகளிலும் இந்தக் கொடி தலைகாட்டுகிறது.

பெயரில் உள்ள சிக்கல்

பெயரில் அவரை இருந்தாலும் இது அவரை இனம் அல்ல. அவரை, மொச்சை, துவரை எல்லாம் பயறு வகைக் குடும்பம். இது சர்க்கரைவள்ளியின் குடும்பம். காலையில் நீலப் பூ பூத்து வெயில் ஏறியதும் வாடும் கொடிக்காக்கட்டானின் நெருங்கிய உறவு. வேரில் முண்டு கட்டிக் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்க்கும் திறமை இதற்குக் கிடையாது. அதைவிட முக்கியமான வேறுபாடு, அவரையில் முற்றிய கொட்டையையும் உண்ணலாம், இதில் உண்ணக் கூடாது என்பது. பெயரை நம்பி இந்த இடத்தில் தவறினால் என்ன ஆகும் என்பது பின்னால் வருகிறது.

டெல்டாக்காரருக்கு இந்தக் குடும்பம் புதியதல்ல. குளத்தில் மிதக்கும் வள்ளைக் கீரை, வேதாரண்யம், நாகை கடற்கரையில் மணலைப் பிடித்து வைத்திருக்கும் அடப்பங்கொடி, வேலியில் சிவப்புப் பூ சிதறும் மயில் மாணிக்கம் எல்லாம் ஐபோமியாதான். வாய்க்கால் கரைகளை அடைத்து நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் இதே இனம். ஆமணக்குக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. ஒரே குடும்பத்தில் கீரையும் கிழங்கும் களையும் விஷமும் இருப்பதால் எந்தக் கொடியில் எந்தப் பகுதியை உண்ணலாம் என்று தெரிந்துகொண்டு பயிரிட வேண்டும்.

விதையின் தோல்

விதை நெல்லை ஒரு நாள் ஊறவைத்து ஒரு நாள் மூட்டம் வைத்தால் முளைகட்டிவிடுகிறது. மூக்குத்தி அவரை விதையை மூன்று நாள் ஊறவைத்தாலும் பல விதைகள் அசைவதில்லை. இதன் மேல்தோல் நெருக்கமான அடுக்குகளால் ஆனது. அதன் வழியே நீர் புகாது. உள்ளே கரு உயிரோடு காத்திருக்கும்.

இயற்கை இந்தத் தோலை வீணாக வைக்கவில்லை. காய் வெடித்து விதை உதிர்வது மாசி, பங்குனியில். அப்போது ஒரு கோடை மழை பெய்து, எல்லா விதையும் ஒரே நாளில் முளைத்துவிட்டால், அடுத்து வரும் சித்திரை வெயிலில் அத்தனையும் கருகும். அடுத்த தலைமுறை இராது. ஆகவே வெயிலிலும் மண்ணிலும் தோல் தேயத் தேய, இந்த ஆண்டு சில, அடுத்த ஆண்டு சில என்று தவணை முறையில் முளைக்கின்றன. காட்டுக் கொடிக்கு இது நல்ல ஏற்பாடு. பத்தே விதை கையில் வைத்திருக்கும் விவசாயிக்கு இது உதவாது.

தோலில் ஒரு சிறு வாசல் திறந்துவிட்டால் போதும். விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு முனையில் காயோடு ஒட்டியிருந்த தழும்பு தெரியும். முளைவேர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே கை வைக்கக் கூடாது. அதற்கு எதிர்ப்பக்கத்து முதுகில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கறுப்புத் தோல் நீங்கி உள்ளே வெளிறிய நிறம் ஒரு கடுகளவு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். உப்புத்தாள் இல்லாவிட்டால் சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் தேய்க்கலாம். நகவெட்டியால் ஓரத்தில் மெல்லக் கிள்ளுவதும் உண்டு. ஆனால் கை தவறினால் பருப்பே உடைந்துவிடும். பழகாதவர்களுக்கு உப்புத்தாளே சிலாக்கியம்.

தேய்த்த விதைகளைக் கை பொறுக்கும் சூடுள்ள நீரில் மாலையில் போட்டு மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். நீர் குடித்த விதை ஏறத்தாழ இரு மடங்காக உப்பி, தொட்டால் மெத்தென்று இருக்கும். உப்பாமல் கல்லாகவே கிடப்பவற்றைத் தனியே எடுத்து, இன்னொரு முறை தேய்த்து மறுபடியும் ஊறவைக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையைப் பலரும் செய்வதில்லை. உப்பியதையும் உப்பாததையும் சேர்த்தே ஊன்றிவிடுகிறார்கள். உப்பிய விதையை ஒரு நாளுக்கு மேல் நீரில் விட்டுவைக்கக் கூடாது, காற்றில்லாமல் அழுகிவிடும். உடனே ஊன்ற முடியாவிட்டால் ஈரத் துணியில் முடிந்து ஓர் இரவு வைத்திருக்கலாம்.

சவுண்டல் விதையைச் சுடுநீரில் போட்டு எடுப்பது போல இதையும் செய்யலாம் என்று சிலர் சொல்வதுண்டு. வேலிக்கு ஊன்றச் சவுண்டல் விதை படி கணக்கில் கிடைக்கும். நாலில் ஒன்று வெந்து போனாலும் நட்டமில்லை. எண்ணி வாங்கிய விதைக்கு அந்தப் பரீட்சை வேண்டாம்.

குழியும் காலமும்

பழைய டெல்டாவின் களிமண்ணில் இந்தக் கொடிக்கு எதிரி தேங்கும் நீர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேர் மூழ்கினால் இரண்டே நாளில் இலை மஞ்சளாகிவிடும். ஆகவே ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழுஉரம் ஒரு கூடையும், ரைஸ்மில்லில் கிடைக்கும் உமிக் கரி அரைக் கூடையும் கலந்து நிரப்பி, தரைமட்டத்துக்கு மேல் முக்கால் அடி உயரத்துக்கு மேடாக்கிக் கொள்ள வேண்டும். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் மேடு அவ்வளவு தேவையில்லை. அங்கே தொழுஉரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கொள்ளிடம் படுகைக் கொல்லைகள் இந்தக் கொடிக்காகவே அமைந்தவை போன்றவை.

ஊன்றும் ஆழம் ஓர் அங்குலம். குழிக்கு இரண்டு விதை. முளைத்த பின் வலுவான ஒன்றை விட்டு மற்றதை நறுக்கிவிட வேண்டும், பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் அசையும். நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவதும் இதற்கு ஒத்துவராது. கோழி, அணில் தொல்லைக்கு அஞ்சி வேறிடத்தில் முளைக்கவைக்க விரும்புவோர் அடியில் ஓட்டையிட்ட கொட்டாங்கச்சியிலோ காகிதக் குவளையிலோ விதைத்து, நாலு இலை விடும் முன் மண்கட்டி உடையாமல் குழியில் இறக்க வேண்டும். ஊறி உப்பிய விதை ஆடிச் சூட்டில் ஒரு வாரத்துக்குள் தலைகாட்டும். முதல் இரண்டு இலைகள் ஆட்டுக் குளம்பு போல நடுவே பிளந்திருக்கும். களை என்று நினைத்துக் கிள்ளி எறிந்தவர்கள் உண்டு.

ஆடியில் ஊன்றுவதற்குக் காரணம் பழமொழி மட்டுமல்ல. இந்தக் கொடி பகல் குறுகும் காலத்தில்தான் நன்கு பூக்கிறது. தஞ்சையில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் சுமார் ஒன்றேகால் மணி நேரம் வேறுபாடு உண்டு. நமக்குப் பெரிதாகத் தெரியாத அந்த வேறுபாட்டைக் கொடி அளந்து வைத்திருக்கிறது. பருவத்துக்குக் கட்டுப்பட்ட பழைய சம்பா நெல்லை எப்போது விதைத்தாலும் அதன் காலத்தில்தான் கதிர் வாங்கும் அல்லவா, அதே கதைதான். தெருவிளக்கின் கீழ் உள்ள வரப்போர நெல் கதிர் வாங்காமல் பச்சையாகவே நிற்பதைப் பார்த்தவர்கள், இந்தக் கொடியையும் விளக்குக் கம்பத்தை ஒட்டி ஊன்ற மாட்டார்கள். உறவுக்காரக் கொடியான கொடிக்காக்கட்டானில் இது தெளிவாக ஆராயப்பட்டிருக்கிறது. ஜப்பானில் அதன் ஒரு ரகம், பதினாறு மணி நேர இருட்டு ஒரே ஓர் இரவு கிடைத்தாலே மொட்டுக் கட்டத் தொடங்கும்.

பந்தல்

இதற்குப் பாகல் போலப் பற்றும் சுருள் கிடையாது. தண்டே சுற்றிச் சுற்றி ஏறும். ஆகவே தடித்த தூணில் ஏறாது. சுண்டுவிரல் பருமனுள்ள குச்சியோ கயிறோ வேண்டும். தென்னங்கயிற்றைப் பந்தலிலிருந்து தொங்கவிட்டால் தானே பிடித்துக்கொள்ளும். கொடியைக் கையால் சுற்றிவிடும்போது அது எந்தத் திசையில் சுற்றுகிறதோ அதே திசையில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் மறுநாள் அவிழ்ந்து தொங்கும். தண்டில் முள் போலத் தெரிபவை மெத்தென்ற கொம்புகளே, குத்தாது.

யூரியாவைக் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது. தழைச்சத்து மிகுந்தால் பந்தல் முழுக்க இலை மூடும், பூ இராது. மொட்டு வைக்கும் சமயத்தில் குழிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு கைப்பிடி சாம்பலும் போதும்.

இலையில் ஓட்டை விழுந்தால் ஆமை வண்டு. வாலில் கொம்புள்ள தடித்த புழு இரவோடு இரவாகக் கிளையை மொட்டையாக்கினால் அது சர்க்கரைவள்ளியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு. இரண்டையும் கையால் பொறுக்கிவிடலாம். மாவுப்பூச்சி வந்தால் ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்க வேண்டும். பத்து லிட்டர் நீருக்கு அரைக் கிலோ கொட்டை என்பது கணக்கு. சர்க்கரைவள்ளி பயிரிடும் இடத்துக்கு அருகே மட்டும் இந்தக் கொடி வேண்டாம். கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு இந்தக் குடும்பத்துக் கொடிகளில் தங்கிப் பெருகக் கூடியது.

பறிக்கும் பதம்

மாலையில் இளம் ஊதாநிறப் பூ விரிந்து, காலையில் வாடிவிடும். வாடிய பின் பூவின் காம்பு பருத்துச் சதைப்பற்றாகிறது. உண்பது இந்தக் காம்பைத்தான். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் நீளத்தில் பச்சையாக, நகம் பட்டால் ஒடியும் பதத்தில் பறிக்க வேண்டும். தினமும் பறிப்பதால்தான் மலையாளத்தில் 'நித்திய' என்ற அடைமொழி. இரண்டு நாள் பறிக்காமல் விட்டால் நுனியில் காய் உருண்டு விதை பிடித்துவிடும், காம்பும் நாரேறும்.

இரண்டு மூன்று கொடி இருந்தால் ஒரு வீட்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கறிக்கு ஆகும். கத்தரி போல வதக்கலாம், பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கலாம், காரக்குழம்பில் முழுசாகப் போடலாம். சந்தைக்குப் பெருமளவில் பயிரிடுவதற்கு உரியதாக இதைச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகப் பறிக்கும் கூலிக்கே விலை போதாது. இது கொல்லைப் பயிர்.

விதை உணவல்ல

முற்றிய காயில் நான்கு வரை கருத்த விதைகள் இருக்கும். பார்ப்பதற்கு ஏதோ பயறு போலத் தோன்றும். அவரை என்ற பெயரும் சேர்ந்துகொள்வதால், மொச்சையை வேகவைப்பது போல இதையும் வேகவைக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். அது ஆபத்து. இந்த விதையில் கடுமையாகப் பேதியாக்கும் பிசின் இருக்கிறது. வட இந்திய மருந்துக் கடைகளில் கொடிக்காக்கட்டான் விதையும் இந்த விதையும் 'காலாதானா' என்ற ஒரே பெயரில் பேதி மருந்தாக மாற்றி மாற்றி விற்கப்பட்டதுண்டு. ஜப்பானுக்கும் கொடிக்காக்கட்டான் முதலில் பூவுக்காகப் போகவில்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் சீனாவிலிருந்து பேதி மருந்து விதையாகப் போய், பிற்காலத்தில்தான் அங்கே நூற்றுக்கணக்கான பூ ரகங்களாகப் பெருகியது.

பிசின் மட்டுமல்ல. கம்பங்கதிரில் தேன் ஒழுகல் நோய் வந்தால், அந்தக் கதிரைத் தின்றவருக்கு வாந்தியும் மயக்கமும் வருவதைக் கம்பு விளையும் சீமையில் அறிவார்கள். உப்புக் கரைசலில் போட்டு மிதப்பதை நீக்கிவிட்டு விதைப்பது அதனால்தான். அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சின் வகையைச் சேர்ந்த பொருள்கள் மூக்குத்தி அவரை விதையிலும் உண்டு. 1960-இல் சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹாஃப்மன் மெக்சிகோவின் காலைப்பூக்கொடி விதைகளில் இந்த வகைப் பொருளைக் கண்டபோது, பூஞ்சணத்தின் சரக்கு பூச்செடியில் எப்படி வந்தது என்று அறிவியலாளர்கள் வியந்தார்கள். இந்தக் குடும்பத்துச் சில கொடிகளில் விதை வழியாகவே தொடர்ந்து வாழும் பூஞ்சணம் ஒன்று அதைச் செய்கிறது என்பது இந்த நூற்றாண்டில்தான் தெளிவாகி, 2011-இல் அதற்குப் பெயரும் இடப்பட்டது.

சமையலுக்குச் செய்ய வேண்டியது எளிது. காம்பின் நுனியிலுள்ள காயை நகத்தால் கிள்ளிப் பார்க்க வேண்டும். கெட்டியாக விதை தட்டுப்பட்டால் அந்தக் காயை எறிந்துவிட வேண்டும். விதைக்கு வைத்திருக்கும் டப்பாவைப் பருப்பு டப்பாக்களோடு அடுக்களையில் வைக்கவே கூடாது. பெயரெழுதி, 'உண்ணக் கூடாது' என்றும் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் இன்னும் கவனம் தேவை. தவறிப்போய் யாராவது விழுங்கிவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், இரண்டு விதையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போய்விட வேண்டும்; எதைத் தின்றார் என்று மருத்துவருக்குத் தெரிந்தால் வேலை சுலபம்.

விதை சேமிப்பு

நோயில்லாத ஒரு கொடியை விதைக்கென்றே விட்டுவிட்டு, மார்கழிக்குப் பின் அதில் கறிக்குப் பறிப்பதை நிறுத்த வேண்டும். காய் பழுப்பாகிக் காய்ந்து, குலுக்கினால் ஒலி கேட்கும்போது, வெடிக்கும் முன் கொய்து நிழலில் உலர்த்தலாம். நன்கு உலர்ந்த விதையைச் சாம்பல் கலந்து மூடியுள்ள பாத்திரத்தில் வைத்தால் பல ஆண்டு கெடாது. முளைக்கும்போது தொல்லை தந்த தோல் இங்கே காவலாகிறது.

டெல்டாவில் ஒரு பழக்கத்தை விட்டுவிட வேண்டும்: கையிலுள்ள விதை அத்தனையையும் ஒரே ஆடியில் ஊன்றிவிடுவது. இந்தக் கொடி பூத்துக் காய் பிடிக்கும் காலமும் புயல் காலமும் ஒன்றுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி, திருத்துறைப்பூண்டி வட்டாரங்களில் தென்னந்தோப்புகளே சாய்ந்தன. கொல்லைப் பந்தல் எம்மாத்திரம்? அப்படிப்பட்ட ஆண்டில் பந்தலோடு விதையும் போய்விடும். பத்து விதை இருந்தால் ஐந்தை ஊன்றி ஐந்தை வைத்துக்கொள்ள வேண்டும். உறவினர் வீட்டுக்கு, முடிந்தால் வேறு தாலுகாவுக்கு, இரண்டு விதை கொடுத்து வைப்பது இன்னும் நல்லது. ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் இரண்டு கிலோ விதை நெல் கொடுத்து அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்பக் கேட்டதில் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது.

அதே சமயம் விதை கண்ட இடத்தில் சிதறவும் கூடாது. நெய்வேலிக் காட்டாமணக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடிதான். அழகுக்கும் வேலிக்கும் என்று வைக்கப்பட்டது. இன்று வாய்க்கால் தூர்வாரும்போதெல்லாம் அதை வெட்ட வேண்டியிருக்கிறது. ஆடு தின்றால் நரம்புத் தளர்ச்சி கண்டு சாகிறது. மூக்குத்தி அவரை அந்த அளவு முரடு அல்ல. ஆனாலும் பல ஆண்டு மண்ணில் உறங்கி முளைக்கும் விதை என்பதால், வாய்க்கால் கரையிலும் வயல் வரப்பிலும் இதை ஏற்றிவிடக் கூடாது. பங்குனியில் கொடி காய்ந்ததும் மிச்சக் காய்களைக் கொய்துவிட்டு, அதன் பிறகே சருகைக் குப்பைக் குழிக்கு அனுப்ப வேண்டும். அடுத்த ஆடி மழைக்குப் பந்தலடியில் ஆட்டுக் குளம்பு இலையோடு தானாக முளைக்கும் கன்றுகளில் வேண்டியதை விட்டுவிட்டு, மற்றவற்றைக் களையெடுக்கும்போதே நறுக்கிவிட வேண்டும்.